கல்யாணக் காரை ட்ரோனில் எடுக்க: எம்4 சாலை வேண்டாம், கரும்புத் தோட்டத்துக்குப் போங்கள்

டர்பன் பீனிக்ஸிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். நவம்பரில் அவருடைய அத்தை மகனுக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்கு ஒரு நாள் வாடகைக்குச் சிவப்பு போர்ஷே 911 எடுக்கிறார்கள். தம்பியிடம் டிஜேஐ மினி 4 ப்ரோ ட்ரோன் இருக்கிறது. அம்ஷ்லாங்காவிலிருந்து பல்லிட்டோ போகும் எம்4 கடலோரச் சாலையில் காரோடு கூடவே பறக்கவிட்டு எடுக்க ஆசை. ஒரு நண்பரின் காரை வைத்து முயன்று பார்த்தாராம். ட்ரோன் பின்தங்கிவிட்டது. பதிவானதைப் பார்த்தால் கார் நகர்கிற மாதிரியே இல்லை. இன்னும் வேகமான ட்ரோன் வாங்க வேண்டுமா என்று கேட்கிறார்.

வேண்டாம் தம்பி. கையில் இருப்பதே போதும். மாற்ற வேண்டியது இடத்தையும் உயரத்தையும்தான். நான் டர்பனில் பதினொரு வருடமாகக் கல்யாணங்களும் கார்களும் படம் எடுக்கிறேன். வேகமான கார் மெதுவாகத் தெரிவது எல்லோருக்கும் முதலில் வரும் ஏமாற்றம். அதற்குக் காரணம் இருக்கிறது, சொல்கிறேன். ஆனால் முதலில் சாலை விஷயம். அதைத் தாண்டாமல் மற்றதைப் பேசிப் பயனில்லை.

தென்னாப்பிரிக்காவில் ட்ரோன் சட்டம் சிவில் விமானப் போக்குவரத்து விதிகளின் 101ஆம் பகுதி. 2015 ஜூலையிலிருந்து நடப்பில் இருக்கிறது. அதில் பொதுச் சாலைக்கென்றே தனி விதி உண்டு: பொதுச் சாலையிலிருந்து ட்ரோனை ஏற்றவோ இறக்கவோ கூடாது, சாலைக்கு மேலேயும் அதன் நீளவாக்கிலும் பறக்கக் கூடாது, 50 மீட்டர் நெருக்கத்திலும் போகக் கூடாது. இதற்கு விலக்கு பெறுவது இயக்குநர் சான்றிதழ் (ட்ரோனைத் தொழிலாக இயக்குவதற்கான சான்றிதழ்) வாங்கிய நிறுவனங்கள்தான், அதுவும் அவர்களுடைய செயல்முறைக் கையேட்டில் அந்த வேலைக்கு ஒப்புதல் இருந்தால். நீங்கள் கேட்டது சாலையின் நீளவாக்கில் காரோடு பறப்பது. சட்டம் பெயர் சொல்லித் தடுப்பதே அதைத்தான்.

இரண்டாவது, விமான நிலையம். எந்த விமானத் தளத்துக்கும் 10 கி.மீ.க்குள் அனுமதியில்லாமல் பறக்கக் கூடாது. கிங் ஷாக்கா விமான நிலையம் 2010இல் லா மெர்சியில் திறந்ததிலிருந்து பக்கத்து ஊரான டோங்காட் மக்கள் தங்கள் வீட்டு முற்றத்தில்கூட ட்ரோனை ஏற்ற முடியாது. எம்4 அந்த ஓடுபாதையிலிருந்து சில கி.மீ. தள்ளிக் கடலோரமாகப் போகிறது. அம்ஷ்லாங்கா பக்கம் வந்தால் டர்பன் நார்த்தில் விர்ஜீனியா விமான நிலையம், சிறு விமானங்களும் ஹெலிகாப்டர்களும் தாழ்வாகவே வந்து போகிற இடம். ஒன்றைத் தாண்டினால் இன்னொன்றின் வட்டம். ட்ரோனின் எடை 249 கிராம்தானே, விலக்கு உண்டே என்று ஊரிலிருந்து புதிதாக வந்தவர்கள் கேட்பார்கள். வேறு சில நாடுகளில் அப்படி. இங்கே 250 கிராம் என்ற கோடே கிடையாது.

பணம் வாங்காமல் சொந்தக்காரர் கல்யாணத்துக்கு எடுப்பது தனிப்பட்ட பயன்பாடு. அதற்கு உரிமம் வேண்டாம், ஆனால் எல்லை உண்டு. நிலத்துக்காரர் அனுமதித்த இடத்தில், உங்களிலிருந்து 500 மீட்டருக்குள், கண்ணால் பார்க்கும்படி பறக்க வேண்டும். ட்ரோனைச் சுற்றி 300 மீட்டருக்குள் மிக உயரமாக எது நிற்கிறதோ அதற்கு மேலே ஏறக் கூடாது. படப்பிடிப்பில் சேராத ஆட்களிடமிருந்து 50 மீட்டர் தள்ளியே இருக்க வேண்டும். ஒரு ரேண்டு வாங்கினாலும் அது வணிகம். அப்புறம் விமானி உரிமம், இயக்குநர் சான்றிதழ், விமானச் சேவை உரிமம் என்று வரிசை நீளும். மீறினால் 50,000 ரேண்டு அபராதம், பத்து வருடம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று எச்சரிக்கிறார்கள்.

சட்டத்தை விடுங்கள். எம்4 ஞாயிற்றுக்கிழமை காலையில் எப்படி இருக்கும் என்று தெரியும். சைக்கிள்காரர்கள், கடலில் குளிக்கப் போகும் குடும்பங்கள், டாக்சிகள். எதிரே வருகிற ஒருவர் தன் கண்ணாடிக்கு நேரே ஒரு கறுப்புப் பொருள் மிதப்பதைப் பார்த்து ஸ்டியரிங்கை வெடுக்கென்று திருப்பினால் என்ன ஆகும்? கல்யாண வீட்டுக்கு அந்தச் செய்தி போகக் கூடாது. இதில் எனக்கு இரண்டாவது பேச்சே இல்லை.

சரி, எங்கே எடுப்பது? ஸ்டேங்கர் தாண்டி வடக்கே போங்கள், இல்லையென்றால் தெற்கே உம்சிண்டோ பக்கம். கரும்புத் தோட்டங்களுக்குள் தனியார் சாலைகள் இருக்கின்றன. பண்ணை வீட்டுக்குப் போகிற வழி பல இடங்களில் தார் போட்டது அல்லது கெட்டியாக இறுகியது. பண்ணைக்காரரிடம் நேரில் போய்க் கேளுங்கள். கல்யாணத்துக்கு என்று சொன்னால் பெரும்பாலும் சரி என்பார்கள். அனுமதியை ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். பக்கத்தில் மருந்து தெளிக்கும் விமானங்களுக்கான சிறு ஓடுபாதை இருக்கிறதா என்றும் அவரிடமே கேளுங்கள், 10 கி.மீ. கணக்கில் அதுவும் சேரும். அன்றைக்குப் பக்கத்து வயலில் கரும்பு கொளுத்துகிறார்களா என்பதும் அவருக்குத்தான் தெரியும். கொளுத்தினால் கரித்தூள் வந்து சிவப்புப் பெயின்ட் முழுக்க உட்கார்ந்துவிடும். துடைத்தால் கீறல்.

வளைந்து வளைந்து ஓடும் காட்சிதான் வேண்டும் என்றால் பந்தயத் தடத்தை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கலாம். நம் பக்கம் போர்ட் ஷெப்ஸ்டோன் அருகே டெஸி ரேஸ்வே இருக்கிறது. ஜோஹன்னஸ்பர்க்கில் கயலாமி அழகான தடம், ஆனால் மிட்ராண்டின் கிராண்ட் சென்ட்ரல் விமான நிலையம் பக்கத்திலேயே இருப்பதால் அங்கே அனுமதியில்லாமல் ட்ரோன் ஏறாது. கேப் டவுனில் சாப்மன்ஸ் பீக் சாலையைச் சொல்வார்கள். 9 கி.மீ., 114 வளைவு, 1922இல் முடித்த வேலை. கார் விளம்பரக்காரர்களுக்குக் கோயில் மாதிரி. ஆனால் டேபிள் மவுன்டன் தேசியப் பூங்கா அங்கே வருகிறது, தேசியப் பூங்காக்களில் ட்ரோனுக்குத் தடை. அங்கே எடுத்த விளம்பரங்களெல்லாம் அனுமதியோடு, சாலையை அடைத்து எடுத்தவை. இன்னொன்று: வாடகைக் கார் ஒப்பந்தத்தைப் படியுங்கள். மண் சாலையிலோ பந்தயத் தடத்திலோ ஓட்டினால் காப்பீடு செல்லாது என்று இருக்கலாம்.

இனி வேகத்துக்கு வருவோம். உங்கள் மினி 4 ப்ரோ ஸ்போர்ட் மோடில் (அதன் மிக வேகமான நிலை) வினாடிக்கு 16 மீட்டர் போகும், அதாவது மணிக்கு 57 கி.மீ. சொச்சம். அது காற்றே இல்லாதபோது. டர்பனில் மத்தியானத்துக்கு மேல் வடகிழக்குக் காற்று எழும்பும், நவம்பரில் பலமாகவே வீசும். வினாடிக்கு 8 மீட்டர் எதிர்க்காற்று என்றால் உங்களுக்கு மிச்சம் 8 மீட்டர், மணிக்கு 29 கி.மீ. சைக்கிள்காரர் முந்திவிடுவார். உங்கள் ட்ரோன் பின்தங்கியது அநேகமாக இப்படித்தான். பெரிய ட்ரோன் வாங்கினால் 75 கி.மீ. கிடைக்கும். கேப் டவுனின் லூக் பெல்லும் அவர் அப்பா மைக் பெல்லும் சொந்தமாகச் செய்த பெரெக்ரீன் 2 ட்ரோன் 2024இல் மணிக்கு 480.23 கி.மீ. தொட்டுக் கின்னஸ் சாதனை செய்தது. நம் நாட்டு ஆட்கள், பெருமையான விஷயம். ஆனால் கல்யாணப் படத்துக்கு 45 கி.மீ. போதும். ஏன் என்று பாருங்கள்.

மேலிருந்து நேர் கீழே பார்க்கும் ஷாட்டை எடுத்துக்கொள்வோம். உங்கள் லென்ஸில், ட்ரோன் எத்தனை மீட்டர் உயரமோ அதைப் போல ஏறக்குறைய 1.4 மடங்கு அகலமான தரை படத்தில் விழும். 70 மீட்டர் உயரத்தில் சுமார் 98 மீட்டர் தரை தெரியும். கார் 120 கி.மீ. வேகத்தில் போய், ட்ரோனும் அதன் கூடவே வந்தாலும், தரையில் இருக்கிற ஒரு புல் திட்டு படத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போக மூன்று வினாடி ஆகும். ஊர்கிற மாதிரித்தான் தெரியும். இப்போது 14 மீட்டருக்கு இறக்குங்கள். படத்தில் 20 மீட்டர் தரைதான். கார் வெறும் 45 கி.மீ.யில் போகிறது. அதே புல் திட்டு 1.6 வினாடியில் ஓடி மறைந்துவிடும். அதாவது 45இல் போகிற கார் 120இல் போனதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகமாகத் தெரிகிறது. பார்ப்பவர் கண் ஸ்பீடோமீட்டரைப் பார்ப்பதில்லை, பின்னால் ஓடுகிற தரையைப் பார்க்கிறது. உங்கள் வீடியோவில் கார் நகராததற்கு உயரம்தான் காரணம். சட்டம் தனிப்பட்ட பயன்பாட்டுக்கு மரத்தைத் தாண்டாதே என்கிறது. படத்துக்கும் அந்த உயரம்தான் நல்லது.

இதனால்தான் கரும்பைச் சொன்னேன். காருக்கும் ட்ரோனுக்கும் நடுவே ஏதாவது நின்றால், அது கேமராவுக்குக் கிட்டத்தில் இருப்பதால் படபடவென்று ஓடும். கரும்பு ஆள் உயரத்தைத் தாண்டி வரிசையாக நிற்கும். அதன் தோகைக்கு ஒன்றரை மீட்டர் மேலே ட்ரோனை வைத்து, வரிசைக்கு அந்தப் பக்கம் சாலையில் கார் இணையாக வரட்டும். முன்னால் தோகைகள் பச்சைக் கோடுகளாகப் பறக்கும், நடுவில் சிவப்புக் கார் நிற்கிற மாதிரி நிலையாக இருக்கும், பின்னால் மலை மெதுவாக நகரும். மூன்றுக்கும் மூன்று வேகம். இந்த ஒரு ஷாட்டுக்காகவே நான் எல்லா மாப்பிள்ளைகளையும் ஸ்டேங்கருக்கு இழுத்துக்கொண்டு போகிறேன்.

ஒரு முறை அப்படி எடுத்துவிட்டு வந்து கல்யாண வீட்டில் போட்டுக் காட்டினோம். மணப்பெண்ணின் பாட்டி காரைப் பார்க்கவே இல்லை. கரும்பைக் கைகாட்டி, இதைத்தானே எங்கள் தாத்தா வெட்டினார் என்றார். மெட்ராஸிலிருந்து ட்ரூரோ கப்பல் 1860 நவம்பர் 16ஆம் தேதி டர்பன் வந்து சேர்ந்தது, 342 பேரோடு. அவர்களும் அவர்களுக்குப் பின்னால் வந்தவர்களும் கரும்பு வெட்டிய நிலம் இது. உங்கள் கல்யாணமும் நவம்பரில்தான். பாட்டியோ தாத்தாவோ இருந்தால் காரில் முன் சீட்டில் உட்காரவைத்து ஒரு ஷாட் எடுத்துவிடுங்கள். அதற்கு 20 கி.மீ. வேகம் போதும்.

கேமரா அமைப்பில் ஷட்டர் (ஒவ்வொரு படத்துக்கும் கேமராவின் கண் திறந்திருக்கும் நேரம்) ஒன்றைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கார் வீல் உங்களைக் காட்டிக்கொடுத்துவிடும். வெயிலில் கேமராவைத் தன் போக்கில் விட்டால் ஷட்டரை 1/2000 வினாடிக்குக் கொண்டுபோகும். 911இன் டயர் ஒரு சுற்றுக்குச் சுமார் 2.1 மீட்டர் உருளும். 45 கி.மீ. என்றால் வினாடிக்கு ஏறக்குறைய ஆறு சுற்று. 1/2000 வினாடியில் வீல் ஒரு டிகிரிதான் திரும்பும். கம்பிகள் செதுக்கி வைத்த மாதிரி கூர்மையாக நிற்கும், ஓடுகிற கார் நிறுத்திவைத்த கார் போலத் தெரியும். ஷட்டரை 1/50இல் வைத்தால் வீல் 43 டிகிரி திரும்பிவிடும், கம்பிகள் கலங்கி வட்டமாகும். வினாடிக்கு 25 ஃப்ரேம் (அசையாத தனிப் படம்), ஷட்டர் 1/50. இதை மாற்றாதீர்கள்.

இன்னொரு சூட்சுமம். ஐந்து கம்பி வீல், 25 ஃப்ரேம் என்றால் மணிக்கு 38 கி.மீ. வேகத்தில் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் வீல் மிகச் சரியாக ஒரு கம்பி அளவு திரும்பும். படத்தில் வீல் நின்றுவிடும், அதற்குக் கொஞ்சம் குறைவான வேகத்தில் பின்னோக்கிச் சுற்றும். ஆகவே 38ஐ ஒட்டி ஓட்டவே வேண்டாம். நான் 45 என்று சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

1/50 வைத்தால் வெயிலில் படம் வெளுத்துப்போகும். அதற்கு என்டி ஃபில்டர், லென்ஸுக்குப் போடும் கறுப்புக் கண்ணாடி. மினி 4 ப்ரோவின் லென்ஸ் எஃப்1.7, வெளிச்சம் புகும் துளையைச் சுருக்க முடியாது. உச்சி வெயிலுக்கு என்டி128 அல்லது 256 தேவைப்படும். விடியற்காலைக்கு 16, 32 போதும். எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) மாறாதபடி பூட்டிவிடுங்கள், இல்லையென்றால் கார் மர நிழலுக்குள் போகும்போதெல்லாம் வானம் பளிச்சென்று வெடித்து அடங்கும். சிவப்புக் காருக்குக் கொஞ்சம் குறைத்தே எடுங்கள். சிவப்பு முதலில் நிரம்பி வழியும், பிறகு எடிட்டிங்கில் எவ்வளவு இழுத்தாலும் கதவின் வளைவுகள் திரும்பி வராது.

வெளிச்சத்துக்கு நவம்பரில் நீங்கள் சீக்கிரமே எழுந்தாக வேண்டும். டர்பனில் ஐந்து மணிக்கு முன்பே சூரியன் கடலிலிருந்து ஏறிவிடும். முதல் ஒன்றரை மணி நேரம் பொன் மாதிரி. காற்றும் அப்போது படுத்திருக்கும். தமிழ்நாட்டில் படம் எடுத்துப் பழகியவர்களுக்கு ஒரு வார்த்தை: இங்கே மத்தியானச் சூரியன் வடக்குப் பக்கம் நிற்கும். நான் வந்த புதிதில் இதை மறந்து காரின் நிழல் பக்கத்தையே எடுத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது பறப்பது. தானாகத் தொடரும் வசதியை நம்பாதீர்கள். கார் மரத்தடியில் போய் வந்தாலோ, பெயின்ட்டில் வானம் பளபளத்தாலோ அது காரை விட்டுவிட்டு வேலிக் கம்பத்தைத் தொடரும். ஸ்பாட்லைட் என்று ஒரு முறை இருக்கிறது. கேமரா காரைப் பார்த்துக்கொண்டிருக்கும், பறப்பது உங்கள் கையில். அது போதும். ஸ்போர்ட் மோடில் தடையைக் கண்டு நிற்கும் சென்சார்கள் வேலை செய்யாது. மற்ற நேரத்திலும் மெல்லிய கம்பிகளை அவை பார்ப்பதில்லை.

எனக்கு நடந்தது இது. பண்ணைச் சாலையில் காருக்கு இணையாகப் பக்கவாட்டில் பறந்துகொண்டிருந்தேன். கண் முழுக்கத் திரையில். பண்ணை வீட்டுக்குப் போகும் மின்கம்பி ஒன்று சாலைக்குக் குறுக்கே போனது. வந்த அன்றே பார்த்திருந்தேன், பறக்கும்போது மறந்தேன். திரை கறுத்தது. கரும்புக்குள் விழுந்ததைப் பீப் சத்தத்தை வைத்துத் தேடி எடுக்க இரண்டு மணி நேரம். தோகை முழங்கை வரை அறுத்திருந்தது. காருக்கு மேலே விழுந்திருந்தால் என்ற நினைப்பு பல நாள் தூங்கவிடவில்லை. அன்றிலிருந்து ட்ரோனை எடுப்பதற்கு முன் அந்தச் சாலையை இரண்டு பக்கமும் நடந்து பார்க்கிறேன். ஒவ்வொரு கம்பிக்கும் கீழே தரையில் ஒரு ஆரஞ்சுத் துணியை விரித்துக் கல் வைக்கிறேன். கூட ஒருவரை நிறுத்துகிறேன். அவர் திரையைப் பார்க்கக் கூடாது, ட்ரோனையும் வானத்தையும் மட்டும் பார்க்க வேண்டும். இந்த ஆள் இல்லாமல் நீங்கள் பறக்காதீர்கள். ஒரு மச்சானையாவது பிடித்து நிறுத்துங்கள்.

ஓட்டுகிறவரிடம் முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: அவர் ட்ரோனைப் பார்க்கவே கூடாது. க்ரூஸ் கன்ட்ரோலில் 45 போட்டுவிட்டு நேரே ஓட்ட வேண்டும். ட்ரோனுக்காக வேகத்தை ஏற்றி இறக்கினால் இருவரும் ஒருவரையொருவர் துரத்துவீர்கள். வாக்கி டாக்கி வைத்துக்கொள்ளுங்கள், கைபேசி அந்தத் தோட்டங்களில் எடுக்காது. ஏதாவது கோளாறு என்றால் நான் சொல்லும் சொல் ‘மேலே’. அதைக் கேட்டால் ட்ரோன் நேரே மேலே ஏறும், கார் அதே வேகத்தில் போய்க்கொண்டே இருக்கும். ஓட்டுகிறவர் பிரேக் போடக் கூடாது. பின்னால் வருகிற ட்ரோன் கண்ணாடியில் வந்து மோதுவது அப்போதுதான். மரம் கவிந்த சாலையில் மேலே ஏற இடமிருக்காது, ஆகவே அங்கே காரோடு பறக்கவே வேண்டாம். ட்ரோனை ஓரிடத்தில் நிறுத்தி, கார் கடந்து போவதை எடுங்கள்.

ட்ரோன் வேகம் குறைவாக இருப்பவர்களுக்கு நான் சொல்லிக்கொடுப்பது எதிரெதிர் ஷாட். கார் 45இல் வடக்கே வருகிறது, ட்ரோன் ஒரு கரும்பு வரிசை தள்ளி 35இல் தெற்கே போகிறது. ஒன்றையொன்று 80இல் கடக்கும். இரண்டு வினாடிதான் நிற்கும் ஷாட், ஆனால் பார்க்கிறவர்கள் சீட்டில் நிமிர்ந்து உட்காருவார்கள்.

சத்தம் ட்ரோனில் பதிவாகாது. 911இன் ஆறு சிலிண்டர் சத்தம் இல்லாத படம் உப்பில்லாத சாம்பார். ஒரு சிறிய ரெக்கார்டரைப் பஞ்சு உறை போட்டுப் பின்பக்க பம்பருக்குள்ளே டேப் போட்டு ஒட்டுங்கள், புகைக்குழாயின் சூடு படாத பக்கம். அல்லது காரை நிறுத்திவைத்துத் தனியாக ஒரு முறை பதிவு செய்யுங்கள்.

போர்ஷே கையில் இருப்பது ஒரு நாள்தான். அதனால் முந்தின சனிக்கிழமையே அதே சாலைக்கு, அதே நேரத்துக்கு, வீட்டில் இருக்கும் காரை எடுத்துக்கொண்டு போங்கள். போலோ விவோ இருந்தால் அதுவே போதும். 14 மீட்டர் உயரத்திலிருந்து நேர் கீழே ஒன்று, தோகைக்கு மேலே பக்கவாட்டில் ஒன்று, எதிரெதிரே ஒன்று. மூன்றையும் எடுத்து வீட்டில் பெரிய திரையில் போட்டுப் பாருங்கள். விவோ வேகமாகத் தெரிந்தால் போர்ஷேக்கு அதே எண்களை வைத்துக்கொள்ளுங்கள். தெரியவில்லை என்றால் காரின் வேகத்தை ஏற்றாதீர்கள், ட்ரோனை இன்னும் இரண்டு மீட்டர் இறக்குங்கள்.